வாகனசாலையில் சார்ஜ் போட்ட மாப்பிள்ளை

நான் ஒரு கோயிலை இருட்டாக்கியவன். அதுவும் வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசையில், ஐயர் கற்பூரத் தட்டைத் தூக்கிய அந்த நிமிடத்தில். இதை இவ்வளவு காலமும் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம் இல்லை. (வெட்கமெல்லாம் அண்டைக்கே முடிஞ்சு போச்சு.) எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாக இந்தக் கதையைச் சொல்லித் திரிகிறார்கள். எல்லாவற்றிலும் நான் உண்மையில் இருந்ததைவிடப் பெரிய விசரனாக, பைத்தியக்காரனாக வருகிறேன். இருந்த அளவுக்கு மட்டும் விசரனாக என்னை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கோயிலின் பெயரைச் சொல்லமாட்டேன். கரவெட்டிப் பக்கம் ஒரு பிள்ளையார் கோயில், அவ்வளவுதான். அந்தக் கோயில் மனேச்சர் இன்னும் சுகமாக இருக்கிறார், நல்ல ஞாபகசக்தியோடும் இருக்கிறார்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. வீடு நெல்லியடிக்கு அங்கால். வேலை யாழ்ப்பாண ரவுணில், ஒரு காப்புறுதி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில். போக முப்பது கிலோமீற்றர், வர முப்பது. வருடக்கணக்காக பஸ்ஸில் தொங்கித் தொங்கி என் வலது கை இடது கையைவிட நீளமாகிவிட்டது என்று அம்மா சொல்லுவா. கடைசியில் ஒரு மின்சார மோட்டார் சைக்கிள் வாங்கினேன்.

முதல்நாள் காலமை அதில் ஏறிப் போனதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சத்தமே இல்லை. சாவியைத் திருப்பினால் ஒரு பச்சை விளக்கு, கையைத் திருகினால் வீதி தானாகப் பின்னால் போகிறது. பத்து வருடமாகப் போய்வந்த அதே வல்லை வெளிதான். ஆனால் அன்றைக்குத்தான் அங்கே காற்றுக்கு ஒரு சத்தம் இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் கறுப்பாக ஒரே ஒரு வீதி, தலைக்கு மேல் கரைகாணாத வானம். ஒரு கூட்டம் கொக்கு எழும்பிப் போனபோது அதுகளின் செட்டை அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அப்படியே நின்றேன். வேலைக்குப் பிந்திப் போனேன். மேலாளர் காரணம் கேட்டபோது "கொக்கு" என்று சொல்ல வாய் வரவில்லை, ரயர் காற்றுப் போனது என்றேன்.

அவ்வளவு பெரிய அதிசயத்தைக் கையில் வைத்திருக்கிறவனுக்குப் பயம் வராமல் இருக்குமா? விற்றவர் வண்டியைத் தரும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "தம்பி, பற்றறிதான் இதின்ரை உயிர். அதைப் பவுத்திரமாப் பாருங்கோ." அதை அப்படியே விட்டிருக்கலாம். நான் போனில் பற்றறியைப் பற்றி மூன்று காணொளி பார்த்தேன். ஒரு மனுசனுக்கு விசர் பிடிக்க மூன்று காணொளி தாராளம்.

முதலாமவன் சொன்னான், எண்பது சதவீதத்துக்கு மேலே சார்ஜ் ஏற்றாதே, பற்றறி வீங்கிச் செத்துவிடும். இரண்டாமவன் சொன்னான், ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதே, அரை மணித்தியாலம் ஆறவிடு. மூன்றாமவன்தான் என்னைக் கெடுத்தவன். இருபது வீதத்துக்குக் கீழே விடவே விடாதே, ஐந்துக்குக் கீழே போனால் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே ஒரு செல் சாகிறது என்று சொல்லிவிட்டு, கறுத்துப்போன ஒரு பற்றறியை வெட்டித் திறந்து காட்டினான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை அம்மாவிடம்தான் கேட்கவேண்டும். எண்பதைத் தாண்டிவிடும் என்ற பயத்தில் அலாரம் வைத்து விடியமுதல் எழும்பிப் பார்ப்பேன். எழுபத்தொன்பதில் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவேன். கொஞ்சம் வெயில் பட்டால் ஈரத்துணி போடுவேன். அலுவலகத்தில் வண்டியின் சீற்றைத் தூக்கி, பற்றறியைக் கழற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, இரண்டு மாடி படி ஏறி, என் மேசைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடுவேன். அது சின்னச் சாமான் இல்லை, ஒரு வயதுப் பிள்ளை அளவு பாரம்.

அம்மா ஒருநாள் வாய்விட்டுக் கேட்டா. "தம்பி, நான் பிரஷருக்குக் குளிசை போட்டு எத்தினை வரியம். ஒருக்காலாவது எவ்வளவு எண்டு கேட்டனியோ?"

"எவ்வளவம்மா?"

"உன்ரை பற்றறியைவிடக் கூட."

இந்தக் காலத்தில்தான் எனக்குத் தர்சினியின் சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவ புவனேஸ் அக்கா. கல்யாணம் பேசுகிறதுதான் அவவின் தொழில், அதில் அவவுக்கு ஒரு பக்தியும் உண்டு. அதற்கு முதல் ஐந்து இடம் பேசி ஐந்தும் தவறிப்போயிருந்தது. ஒன்றுக்குச் சாதகம் பொருந்தவில்லை, ஒன்றுக்குக் கனடா பொருந்திவிட்டது, மிச்சத்துக்கு நான் பொருந்தவில்லை. நானும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. ஆனால் தர்சினியின் படத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்கு ஏதோ செய்துவிட்டது. ஒரு பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிற ரீச்சர். பரிசளிப்பு விழாவில் எடுத்த படம். எல்லாரும் கமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவ மட்டும் ஓரத்தில் எதையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றா. அவ எதைப் பார்த்துச் சிரிக்கிறா என்று தெரியாமல் நான் ஒரு கிழமை நித்திரை கொள்ளவில்லை. இந்த இடம் சரிவரவேண்டும் என்று நான் வாழ்க்கையில் முதல்தடவையாக நேர்ந்துகொண்டேன்.

தடை ஒன்றே ஒன்றுதான். தர்சினியின் அப்பா. ஓய்வுபெற்ற விதானையார், அதாவது கிராம அலுவலர். கிராமத்தில் யார் யோக்கியன், யார் இல்லை என்று முப்பது வருடம் கடிதம் எழுதிக் கொடுத்தவர். அவர் ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஒருவன் பிந்தி வந்தவன், மற்றவன் கதைக்கும்போது போனைப் பார்த்தவன்.

"தம்பி, வாற வெள்ளிக்கிழமை கோயிலிலை பாக்கிறதெண்டு முடிவாச்சு. நேரத்துக்கு வாரும். வேட்டியோடை வாரும். போனை அம்மாட்டைக் குடுத்திடும்" என்றா புவனேஸ் அக்கா.

எங்கள் பக்கத்தில் இப்படித்தான். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பெண் வீட்டுக்கு மரியாதை குறைவு. அதனால் கோயிலுக்கு இரண்டு வீட்டாரும் 'தற்செயலாக' வருவார்கள். பிடித்தால் பேச்சு நடக்கும், பிடிக்காவிட்டால் எல்லாரும் சாமி கும்பிட வந்ததுதான். இதில் ஒரு விசயத்தை யாரும் யோசிப்பதில்லை. பெண் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, முழு அலங்காரத்தோடு வருவா. ஆண்பிள்ளை யாழ்ப்பாணத்துக் கோயிலுக்குள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். உண்மையில் அங்கே யாரை யார் பார்க்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் எழுபத்தொன்பது வீதத்தோடு வேலைக்குப் போனேன். முப்பத்தேழில் போய்ச் சேர்ந்தேன். பற்றறியை மேலே கொண்டுபோய் அரை மணித்தியாலம் ஆறவிட்டேன். பிறகு பிளக்கைச் செருகினேன். யாராவது தொட்டுவிடுவார்கள் என்று 'தயவுசெய்து தொடவேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதி, சார்ஜருக்கு மேலே ஒட்டினேன். பிறகு தர்சினியின் படத்தை எடுத்துப் பார்த்தேன். பின்னேரம் நாலு மணிக்கு வேலை முடிந்து தாளை உரித்தபோதுதான் தெரிந்தது, சுவரில் சுவிட்சைப் போடவே இல்லை. சார்ஜரின் விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும் வழியில்லை, நான்தான் தாளை ஒட்டி மறைத்திருக்கிறேனே.

முப்பத்தேழு வீதம். கோயில் இருபத்தாறு கிலோமீற்றர். பூசை ஆறு மணிக்கு. பஸ்ஸில் போயிருக்கலாம். ஓட்டோ பிடித்திருக்கலாம். புத்தியுள்ளவன் செய்யக்கூடியது ஏழெட்டு இருந்தது. ஆனால் மின்சார மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பெண் வீட்டுக்குப் புவனேஸ் அக்கா பெரிதாகச் சொல்லி வைத்திருந்தா. நான் சத்தமில்லாமல் வந்து இறங்குவதைத் தர்சினி பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

கோப்பாய், நீர்வேலி வரைக்கும் பிழையில்லை. ஆவரங்கால் தாண்டி வல்லை வெளிக்கு இறங்கியதும் வாடைக்காற்று நேருக்கு நேர் வந்து மோதியது. கார்த்திகை மாதத்துக் காற்று. இருபது, பதினாறு, பதினொன்று என்று இலக்கம் இறங்கியது. ஒன்பதில் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துவிட்டது. நடக்கிறவர் வேகம்தான். வடக்கே பார்த்தால் வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் சாம்பல் நிறமாக மழை நின்றது. நின்றது என்று நான் சும்மா சொல்லவில்லை. சுவர் மாதிரி நிமிர்ந்து நின்று, மெல்ல மெல்ல என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்குப் பயம்தான். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்படி ஒரு பெரிய சாமானுக்கு முன்னால் நின்றால் கல்யாணம், பற்றறி எல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோகிறது.

பின்னாலிருந்து ஒரு சைக்கிள் மணி. தொண்டைமானாற்று மீன்காரர் ஒருவர் வெறும் பெட்டியோடு உழக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் சேர்ந்தார்.

"என்ன தம்பி, பெற்றோல் முடிஞ்சுதோ?"

"இதுக்குப் பெற்றோல் இல்லை அண்ணை. கறண்ட்."

"அப்ப இறங்கி உழக்குமன்."

"இதுக்குப் பெடலும் இல்லை அண்ணை."

அவர் என் வண்டியை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். பரிதாபப்பட்டுக் கொஞ்சத் தூரம் என்னோடு கூடவே வந்தார். பிறகு, "குறை நினையாதையும், எனக்கு மழைக்கு முந்திப் போகோணும்" என்று சொல்லிவிட்டு முந்திப் போனார்.

மழை என்னை முழுதாக நனைத்துவிட்டுத்தான் விட்டது. கடைசி ஒரு கிலோமீற்றர் தள்ளினேன். கோயில் மதிலடியில் வேப்பமரத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தும்போது இலக்கம் இரண்டு. இரண்டு வீதம். எனக்கு அந்த வெட்டித் திறந்த பற்றறியின் படம்தான் கண்ணுக்குள் நின்றது. ஒவ்வொரு நிமிடமும் ஒரு செல். பூசை முடிந்து, பெண் பார்த்து, வீட்டுக்குப் போக இரண்டு மணித்தியாலம். நூற்றிருபது செல் செத்துவிடும் என்று நான் மழைக்குள் நின்று கணக்குப் போட்டேன். எனக்கு மாமனாராக வரப்போகிறவர் உள்ளே நிற்கிறார், நான் வெளியே செல் எண்ணுகிறேன்.

மரத்துக்குப் பின்னால் நின்று வேட்டிக்கு மாறினேன். பற்றறியைக் கழற்றினேன். நனையாமல் இருக்க அம்மா தந்துவிட்ட புதுச் சால்வையால் அதைச் சுற்றினேன், நெஞ்சோடு அணைத்தேன், மேல்சட்டை இல்லாமல் மழைக்குள் குனிந்து ஓடினேன். மண்டபத்து வாசலில் நின்ற புவனேஸ் அக்காவின் முகம் செத்துப்போனது.

"ஐயோ தம்பி, ஆரின்ரை பிள்ளை?"

"பிள்ளை இல்லை அக்கா. பற்றறி."

அவ பிள்ளையாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டா.

வெளிவீதியில் வாகனசாலை திறந்து கிடந்தது. திருவிழாவுக்குச் சாமி ஏறி வருகிற மர வாகனங்களை வைக்கிற கூடம். குதிரை, யானை, காளை, மயில், எல்லாம் கண்ணாடிக் கண்ணோடு அரைவாசி இருட்டில் வரிசையாக நின்றன. கடைசியில் பிள்ளையாருடைய எலி. எலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பிளக் பொயின்ற். பையிலிருந்து சார்ஜரை எடுத்தேன். பை நனைந்திருந்தது, சார்ஜர் ஈரமாகத்தான் இருந்தது. வேட்டியில் துடைத்தேன். செருகினேன். இந்தத் தடவை சுவிட்சையும் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எலியின் முதுகில் கிடந்த பட்டுத் துணியை இழுத்துப் பற்றறியை மூடிவிட்டு, எலியைப் பார்த்து "கொஞ்சம் பாத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எனக்கு அப்போது அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. மேளமும் மணியும் சேர்த்து அடிக்கிற மின்சார மெசின் மூலையில் நின்று முழங்கிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் ஐயர் மந்திரம் சொல்லுகிறாரா, கொட்டாவி விடுகிறாரா என்று தெரியாது. வீட்டிலிருந்து நேரே வந்து நின்ற அம்மா கண்ணால் பெண்கள் பக்கம் காட்டினா. நான் பார்த்தேன். தர்சினி. நாவல் நிறச் சேலை. படத்தில் இருந்ததைவிட வடிவு. அவவும் ஒரு நொடி என்னைப் பார்த்தா. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சால்வை இல்லாமல், கோழி மாதிரி நடுங்கிக்கொண்டு நின்ற என்னை.

ஐயர் கற்பூரத் தட்டைத் தூக்கினார். டப் என்று ஒரு சத்தம். எல்லா விளக்கும் நூர்ந்து கோயில் இருண்டது. மெசின் பாதி அடியில் நின்றது.

அந்த அமைதியை எப்படிச் சொல்ல? ஓட்டில் மழை விழுகிறது கேட்டது. கேணியில் தவளை கத்துகிறது கேட்டது. ஐயரின் குரல் கேட்டது. அவ்வளவு காலமும் அந்தக் கோயிலுக்கு வந்துபோன எனக்கு அவருக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று தெரியாது. ஒரே ஒரு கற்பூர வெளிச்சத்தில் கறுப்பான பிள்ளையார் மூச்சு விடுகிறவர் போல இருந்தார். யாரோ ஒரு பெண் மெல்லத் தேவாரம் எடுத்தா. பிறகு இன்னொருவர். பிறகு எல்லாரும். ஒலிபெருக்கி இல்லாமல், சுருதி சேர்ந்தும் சேராமலும், அந்த இருட்டு முழுக்கப் பாட்டாக இருந்தது. எனக்குக் கண் நிறைந்தது. உண்மையாகச் சொல்லுகிறேன், நான் அங்கே வேறு எதற்காக வந்தேன் என்பதே மறந்துபோனது.

"மணி அடியுங்கோ, மணியை அடியுங்கோ" என்று யாரோ கத்தினார்கள். கண்டாமணி மேலே தொங்கியது. மெசின் வந்த நாளிலிருந்து யாரும் அடிக்காததால் அதன் கயிற்றைச் சுருட்டி உயரத்தில் கட்டியிருந்தார்கள். ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார், எட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "தம்பி, நீர் உயரமான ஆள், உந்தக் கயித்தை அவிழும்" என்றார். அவர்தான் விதானையார் என்று பிறகுதான் விளங்கியது. நான் ஒரு திண்ணைக் குந்தில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். முதல் அடி விழுந்தபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. தீபாராதனை முடியும்வரை இழுத்தோம். கை தோல் உரிந்தது. முடிந்ததும் அவர் என் தோளில் தட்டி, "நல்ல பெடியன். ஆரின்ரை மகன்?" என்று கேட்டார். அம்மா முன்னுக்கு வந்து நின்றா. இருட்டிலும் அம்மாவின் பல் தெரிந்தது.

அந்த நிமிடத்தில் கல்யாணம் முடிந்த மாதிரித்தான்.

அப்போது கோயில் மனேச்சர் வெளியே பார்த்துவிட்டுச் சொன்னார், "வீதியிலை லைற் எரியுது. எங்களுக்கு மட்டும்தான் கறண்ட் போயிருக்கு." எனக்கு அப்போதுதான் எலி ஞாபகம் வந்தது.

கோயிலின் மெயின் சுவிட்ச் இருந்தது வாகனசாலைச் சுவரில். எல்லாரும் அங்கே போனோம். மனேச்சர் என்னிடம் ரோச்சைத் தந்து, "உயரமான ஆள், வெளிச்சம் பிடியும்" என்றார். ட்ரிப் சுவிட்சை மேலே தூக்கினார். டப். விழுந்தது. மறுபடி தூக்கினார். டப். நான் குதிரைக்கு வெளிச்சம் பிடித்தேன், யானைக்குப் பிடித்தேன், மயிலின் தோகையை ஒவ்வொரு இறகாகக் காட்டினேன். எலிப் பக்கம் மட்டும் போகவில்லை.

"எல்லாப் பிளக்கையும் கழட்டிப்போட்டுத் தூக்கிப் பாருங்கோ." அது தர்சினியின் குரல். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவவே முன்னுக்கு வந்தா. மெசினைக் கழற்றச் சொன்னா, அலங்கார விளக்கைக் கழற்றச் சொன்னா, ஒலிபெருக்கியைக் கழற்றச் சொன்னா. ஒவ்வொன்றுக்கும் சுவிட்சைத் தூக்கிப் பார்த்தா. ஒவ்வொரு தடவையும் டப். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு நின்ற பத்து ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒரு ஆள் மட்டும் யோசித்துக்கொண்டு நின்றா. எனக்கு அவவில் வந்தது ஆசை மட்டுமில்லை, ஒரு பெரிய மரியாதை.

கடைசியில் அவவும் கையை விரித்தா. "எல்லாம் கழட்டியாச்சு. அப்ப வயரிங்கிலைதான் ஏதோ பிழை."

எனக்கு உயிர் வந்தது. தப்பிவிட்டேன். எல்லாரும் போனபிறகு வந்து மெல்லக் கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் மனேச்சர் போனை எடுத்தார். வயரிங் செய்த செல்வராசா என்பவரைக் கூப்பிட்டார். எடுத்த எடுப்பில் ஏசினார். "பூசை நேரத்திலை கோயிலை இருட்டாக்கிப் போட்டாய். இனி உனக்கு இஞ்சை வேலை இல்லை. திருவிழா லைற்றுக்கும் வேறை ஆளைப் பிடிக்கிறன்." மறுபக்கத்திலிருந்து அந்த மனிதர் கெஞ்சுவது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "மழைக்குள்ளையும் இப்ப வாறன் ஐயா, ஒருக்காப் பாக்க விடுங்கோ" என்றார்.

அம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றா. அம்மாவுக்கு என்னைத் தெரியும். என் கையைப் பிடித்து அமத்தினா. "வாயைத் திறவாதை" என்று மெல்லச் சொன்னா.

எனக்குத் தர்சினி வேணும். அந்த நிமிடத்தில் உலகத்தில் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தப் போனில் கேட்ட குரல் காதை விட்டுப் போகவில்லை.

"அது வயரிங் இல்லை. என்ரை பற்றறி" என்றேன்.

ரோச்சை எலிப் பக்கம் திருப்பினேன். மனேச்சர் பட்டுத் துணியைத் தூக்கினார். எலியின் காலடியில், சால்வை சுற்றி, என் பற்றறி. நான் குனிந்து பிளக்கைக் கழற்றினேன். தர்சினி சுவிட்சைத் தூக்கினா. நின்றது. மற்றப் பிளக்குகளை ஒருவர் ஓடிப்போய்ச் செருகியிருக்கவேண்டும், எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது, உள்ளே மேள மெசின் ஆளில்லாத கோயிலில் முழுச் சத்தத்தில் முழங்கத் தொடங்கியது. புவனேஸ் அக்கா காளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டா.

அந்த வெளிச்சத்தில் நான் மேல்சட்டை இல்லாமல், ரோச்சோடு, எலிக்குப் பக்கத்தில்.

மனேச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். "தம்பி, இதுக்கும் ஒரு அருச்சனை செய்துவிடட்டோ?"

விதானையார் என்னைப் பார்க்கவே இல்லை. தர்சினி மட்டும் குனிந்து சார்ஜரை எடுத்துக் குலுக்கிப் பார்த்தா. தண்ணீர் சொட்டியது. என்னிடம் அவ பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நனைஞ்ச சார்ஜரைப் போடக்கூடாதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"பிறகேன் போட்டனீங்கள்?"

"ரெண்டு வீதத்திலை இருந்தது. ஒவ்வொரு நிமிசமும் ஒரு செல் சாகும்."

"ஆர் சொன்னது?"

இங்கேதான் என் விசரின் உச்சம். கல்யாணம் குழம்பிக்கொண்டிருக்கும்போது, அத்தனை பேருக்கும் முன்னால், நான் என் மூன்று காணொளியையும் விளக்கத் தொடங்கினேன். எண்பது, இருபது, அரை மணித்தியாலம் ஆறவிடுவது, ஈரத்துணி, எல்லாம். அவ இடையில் மறிக்கவில்லை. முழுவதையும் ஒரு மாணவனின் விடைத்தாளைத் திருத்துகிற மாதிரிக் கேட்டா.

"எண்பது சரி. இருபதும் பிழையில்லை. ஆனால் ஒருநாள் ரெண்டு மணித்தியாலம் ரெண்டிலை இருந்தால் ஒண்டும் சாகாது. ஈரச் சார்ஜரைத் தொட்டால்தான் ஆள் சாகும்" என்றா.

"பிள்ளை, வா. நேரம் போச்சு" என்றார் விதானையார். போய்விட்டார்கள்.

வண்டியைக் கோயிலடியிலேயே விட்டுவிட்டு நானும் அம்மாவும் ஓட்டோவில் வந்தோம். பற்றறி அம்மாவின் மடியில் இருந்தது. பாதி வழியில் அம்மா கேட்டா, "இதை அப்பிடியே தொண்டைமானாத்துக்குள்ளை போடட்டோ?" போட்டிருந்தாலும் தடுத்திருக்கமாட்டேன். அந்த இரவும் அடுத்த நாளும் நான் சார்ஜ் வீதத்தைப் பார்க்கவில்லை. அம்மா பயந்துபோய் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தா.

ஞாயிற்றுக்கிழமை காலமை புவனேஸ் அக்கா வந்தா. கதிரையில் இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, முகத்தைத் துடைத்து, எங்களை நன்றாக வதைத்தபிறகுதான் வாயைத் திறந்தா.

"விதானையார் வேண்டாமெண்டுதான் சொன்னவர். விசர்ப் பெடியன், கோயிலை எரிச்சிருப்பான் எண்டார்." எனக்கு எழும்பிப் போகவேண்டும் போல இருந்தது. "பிறகு பிள்ளை சொல்லியிருக்கு, அப்பா, அந்த இருட்டுக்குள்ளை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தால் அவருக்கு ஒண்டும் வந்திராது. நானே வயரிங் பிழையெண்டு சொல்லிப்போட்டன். ஆரோ தெரியாத ஒருவரின்ரை வேலைக்காக எங்கடை முன்னாலை மானத்தை விட்டவர். அவரைத்தான் கல்யாணம் செய்யிறன் எண்டு. விதானையார் ஒரு நாள் முழுக்கக் கதைக்கேல்லையாம். இண்டைக்கு விடிய எழும்பி, சரி, ஆனால் கல்யாண மண்டபத்திலை மெயின் சுவிட்ச் இருக்கிற அறைத் திறப்பு என்னட்டைத்தான் இருக்கும் எண்டு சொல்லிப்போட்டார்."

நான் அழுதேன். அம்மாவும் அழுதா. புவனேஸ் அக்கா தன் தொழில் தர்மப்படி கொஞ்சம் அழுதா.

என் மாமாவாகிவிட்ட விதானையார் சொன்னபடியே செய்தார். தாலி கட்டும்போதும் அந்த அறைச் சாவி மாமாவின் வேட்டி மடிப்பில்தான் இருந்தது. மண்டபத்தில் வயரிங் செய்தவரும் அதே செல்வராசா அண்ணைதான். அவர்தான் எங்கள் கல்யாண வீட்டில் எல்லாரையும்விட அதிகமாகச் சாப்பிட்டவர்.

இப்போது எங்கள் குடும்பத்தில் எங்கே கறண்ட் போனாலும் முதல் சந்தேகம் என்னில்தான். மச்சான் வீட்டில் மிக்சி எரிந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். ஒருமுறை நாடு முழுக்க மின்சாரம் போனது. காரணம் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது, எல்லாரும் வீதிக்கு வந்து நின்றார்கள். என் போன் அடித்தது. மாமா.

"தம்பி, உண்மையைச் சொல்லும். எங்கை சார்ஜ் போட்டனீர்?"

"மாமா, சத்தியமா நான் இல்லை. இது முழு இலங்கையும்."

"உம்மடை கதை வேண்டாம். போனைப் பிள்ளையிட்டைக் குடும்."

கொடுத்தேன். தர்சினி என்னை ஏற இறங்கப் பார்த்தா. பரிசளிப்பு விழாவில் சிரிப்பை அடக்கியவ இதற்கு அடக்கவில்லை.

"பொறுங்கோ அப்பா. எதுக்கும் ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு, ரோச்சை எடுத்துக்கொண்டு வண்டி நின்ற பக்கம் போனா.